சல்பேட்டும் என் கையின் உப்பும்

கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் மைப்பெட்டியைத் திறந்து மேசை மேல் வைத்தபடி நின்றார். அவருக்கு என் மகன் வயது இருக்கும்.

"சும்மா ஃபார்மாலிட்டிம்மா. கட்டை விரலை வெச்சுட்டுப் போங்க."

"ஃபார்மாலிட்டின்னா உங்க விரலையே வெச்சுக்குங்க தம்பி."

"வெச்சா ஹாஸ்டல் கிச்சன்ல பாத்திரம் கழுவுற வேலை. வெக்கலன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

"வீட்டுக்குப் போக பஸ் ஃப்ரீ. போயிட்டு நாளைக்குக் காலைல திரும்பி வருவேன். இதே லேபுக்குத்தான் வருவேன்."

துடைப்பத்தோடு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் மைப்பெட்டியைப் பட்டென்று மூடினார். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். நான் அசுத்தமாகப் பாத்திரம் கழுவினேனாம். அதனால் ஆராய்ச்சி கெட்டுப்போனதாம். அதை நானே ஒப்புக்கொள்கிறேனாம். அசுத்தம்! அந்த வார்த்தையை அவர் சொன்னபோது என் காதுக்குள் ஏதோ சூடாக ஊற்றிய மாதிரி இருந்தது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மருமகள். எனக்கு எழுத்து வராது. நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சில் நன்றாக இருக்காது என்று அவளே நேராக்கிக்கொள்கிறாள். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் யார் என்ன பேசினார்களோ அதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவள் பேசியதும் உள்பட. அதற்குத்தான் முறைக்கிறாள்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கம். காலையில் ஆறேகாலுக்குக் கிளம்பினால் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, துவாக்குடி போகிற சாலையில் இருக்கும் அந்தக் காலேஜுக்கு எட்டு மணிக்குள் போய்விடலாம். காலேஜின் பெயர் வேண்டாம். சத்திரத்தில் பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையையும் துண்டையும் போட்டு இடம் பிடிப்பார்கள் பாருங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்லத்தான் வேண்டும். சல்பேட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் நான் அங்கே பெருக்குகிற வேலையில்தான் சேர்ந்தேன். வேதியியல் கட்டடத்தின் மாடி வராந்தா என்னுடையது. அங்கே ஒரு லேபில் ஒரு டீச்சர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். டவுனில் வேறொரு காலேஜில் பாடம் நடத்துகிறவர். டாக்டர் பட்டத்துக்காக லீவு நாளிலும் சாயங்காலத்திலும் இங்கே வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கழுத்துச் சிலுவையோடு நேரே லேபுக்கு வந்துவிடுவார். அவ்வளவு வைராக்கியம். அவருக்குக் கண்ணாடிச் சாமான் கழுவிக்கொடுக்க ஒரு பெண் இருந்தாள். அவள் கழுவிவிட்டு நல்ல வெள்ளைத் துணியால் பளபளவென்று துடைப்பாள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"துடைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஈரமா இருக்கே டீச்சர்!"

"ஈரமாதான் இருக்கணும்!"

இந்தச் சண்டையை வாசலில் நின்று ஒரு மாதம் கேட்டேன். அவள் வேலையை விட்டுப் போன மறுநாளே உள்ளே போய், "டீச்சர், நான் துடைக்க மாட்டேன்" என்றேன். அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். டீச்சர் முதல் நாளே கண்ணாடிச் சாமான்களை ஊதாநிற ஆசிட் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் அலசியும் கொடுத்துவிடுவார். அதுவரை அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு என் பொறுப்பு. குழாய்த் தண்ணீர் கூடாது. மெஷினில் இருந்து வரும் சுத்தத் தண்ணீர்தான். அதை ஊற்றிக் கொதிக்க வைத்து, கொட்டி, மறுபடி ஊற்றிக் கொதிக்க வைத்து, கொட்டி... ஏழு தடவை. உள்பக்கம் விரல் படக்கூடாது. கையுறை போட்டு வெளியே மட்டும் பிடிக்க வேண்டும். கடைசியாக ஊற்றிய தண்ணீரைக் கொட்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். காற்றில் வருகிற அழுக்குகூட உள்ளே ஒட்டக் கூடாது. என் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் சாமானைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

ஒருநாள் கேட்டேன்.

"இத்தனை கழுவி என்ன டீச்சர் பண்றீங்க? அந்தச் சாமான்ல நீங்க ஒரு ரசம்கூட வெக்கலியே."

அவர் சிரித்துவிட்டு என்னைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தார். மெல்லிய கம்பி ஒன்றைக் காட்டினார். அதன் நுனியில் மிளகைவிடச் சின்னதாக ஒரு மணி. பிளாட்டினமாம். அதை கேஸ் நெருப்பில் காட்டினார். மணி கோவைப்பழம் மாதிரி சிவந்தது. ஆறவைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டியபடியே, கண்ணாடிச் சாமானில் இருக்கிற ஆசிட் தண்ணீரின் மேல்பரப்பைத் தொடுகிற மாதிரி இறக்கினார். முங்கவில்லை. குழந்தைக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி தொட்டதோடு சரி.

"இந்தத் தண்ணில சல்பேட் அயனின்னு ஒண்ணு நிறைய மிதக்குதும்மா. கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் குடுத்து ஏத்தினா அது வந்து இந்த மணி மேல உக்காரும். இறக்கினா எழுந்து போயிடும்."

"உள்ள போயிடுமா? பஞ்சுல தண்ணி போற மாதிரி?"

"போகாது! அதான் விஷயம். மேலயேதான் உக்காரும். பரப்பு கவர்தல்னு பேரு. எந்த இடத்துல உக்காருது, எவ்ளோ உக்காருதுன்னு பாக்குறதுதான் என் வேலை."

கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கொஞ்ச நேரத்தில் மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, அவற்றில் ஊசி மாதிரி ஒரு முனை. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் ஒரே உருவம். "பட்டாம்பூச்சி!" என்றேன். "அட, நாங்களும் அப்படித்தாம்மா சொல்லுவோம்" என்று டீச்சர் என் தோளில் தட்டினார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பாகவே இருந்தது. அ, ஆ தெரியாத எனக்கு, சல்பேட் உட்கார்ந்ததும் எழுந்ததும் எழுத்து மாதிரி தெரிகிறது!

"இதுக்கு எதுக்கு டீச்சர் ஏழு தடவை கழுவணும்?"

"குளோரைடுன்னு இன்னொண்ணு இருக்கு. நம்ம சாப்பாட்டு உப்புல இருக்கறது. அது ஒரு துளி இருந்தாலும் முந்திக்கிட்டுப் போய் உக்காந்துடும். சல்பேட் மாதிரி சாது கிடையாது. எழுந்திரிக்கவும் எழுந்திரிக்காது. அப்புறம் பட்டாம்பூச்சி போச்சு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சல்பேட் என்பது வரிசையில் நின்று ஏறி, இடம் இருந்தால் உட்கார்ந்து, இறங்கச் சொன்னால் இறங்குகிற ஆள். குளோரைடு என்பது சத்திரத்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற ஆள். அதைச் சொன்னதும் டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் வகுப்பில் இதைச் சொல்லித்தான் நடத்துகிறாராம். என் பெயரைச் சொல்கிறாரா என்று கேட்கவில்லை.

இப்படிச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது. கோடை லீவு விட்டதும் டீச்சர் காலையிலேயே வந்துவிடுவார். அப்போதுதான் கெட்டது பட்டாம்பூச்சி.

ஊசிமுனை மழுங்கியது. இறக்கை தொங்கிப்போனது. டீச்சர் ஆசிட்டை மாற்றினார். தண்ணீர் மெஷினுக்கு வடிகட்டி மாற்றினார். கேஸை மாற்றினார். மணியை இருபது தடவை நெருப்பில் காட்டினார். சரியாகவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். டீச்சர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அதற்கப்புறம் ஒருநாள் அவர் கண் மெதுவாக என் பக்கம் திரும்பியது. முதலில் என் கைக்கு. பிறகு மூலையில் இருந்த என் சாப்பாட்டுப் பைக்கு.

"அம்மா, மத்தியானத்துக்கு என்ன கொண்டு வர்றீங்க?"

"தயிர்சாதம். சம்பந்தி அம்மா ஒரு ஜாடி உப்பு நார்த்தங்காய் போட்டு அனுப்பிச்சிருக்காங்க. அதுல ஒரு துண்டு. உங்களுக்கு வேணுமா டீச்சர்?"

"உப்பு நார்த்தங்காயா? எப்பல இருந்து?"

"ரெண்டு மூணு வாரமா."

"இயேசுவே!" என்றார். வேண்டுமா என்று கேட்டதற்கு இது பதில் இல்லை.

அன்றைக்கே சட்டம் வந்துவிட்டது. சாப்பாட்டுப் பை மாடிக்கு வரக்கூடாது. கேட் பக்கம் வேப்பமரத்தடியில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு மூன்று தடவை சோப்புப் போட வேண்டும். கையுறை இரண்டு ஜோடி. சரி என்று செய்தேன். வேர்க்கிற வெயிலில் இரண்டு கையுறை போட்டுப் பாருங்கள், தெரியும். என் உள்ளங்கை ஊறவைத்த பருப்பு மாதிரி ஆகிவிட்டது. அப்படியும் பட்டாம்பூச்சி வரவில்லை. அதற்கு டீச்சர், "சில பேர் கைலேயே உப்பு ஜாஸ்தி இருக்கும்மா" என்றார்.

"நான் பொறந்தது உப்பிலியபுரம் பக்கம் டீச்சர். உப்பு இலி. எங்க ஊருப் பேருலகூட உப்பு கிடையாது" என்றேன். வழக்கமாக இந்த மாதிரி சொன்னால் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. மறுநாள்தான் சூப்பர்வைசர் தாளோடு வந்தார்.

டீச்சர் என்னைத் துரத்தச் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவுவதில் சந்தேகம் இருக்கிறது என்று பெரிய சாரிடம் சொல்லியிருக்கிறார். பெரிய சார்தான் டீச்சருக்கு வழிகாட்டி. அவர் ஆபீசில் சொல்ல, ஆபீஸ் எங்களை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டரிடம் சொல்ல, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வார்த்தை கூடி, கடைசியில் என்னிடம் வரும்போது "அசுத்தம்" என்று ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் மருமகளிடம் சொன்னேன்.

"வெச்சுத் தொலைச்சிருக்கலாம்ல அத்தை? ஹாஸ்டல்னா உக்காந்து கழுவலாம். உங்க முட்டிக்கும் நல்லது."

"முட்டிக்கு நல்லது. மூஞ்சிக்கு?"

"யாரு அத்தை அந்தப் பேப்பரைப் பாக்கப் போறா? ஃபைல்ல கிடக்கும்."

"நான் செத்தாலும் ஃபைல்ல கிடக்குமில்ல? இவ கை அழுக்குக் கைன்னு."

"ஐயோ, ஒரு விரலுக்கு இவ்ளோவா" என்று அவள் குக்கரை வைத்தாள். (இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது.)

நான் வாசல் படியில் உட்கார்ந்து யோசித்தேன். வேறு எதையும் இல்லை, அந்தப் பச்சைக் கோட்டைத்தான். என் கழுவுமேசையில் இருந்து நிமிர்ந்தால் கம்ப்யூட்டர் தெரியும். டீச்சர் சாமானை எல்லாம் பொருத்தி, மணியை இறக்கி, முதல் கோட்டை ஓட்டுவார். ஓட்டிவிட்டு நோட்டில் எழுதக் குனிவார், அப்புறம் போனில் பேசுவார், அப்புறம் நிமிர்ந்து பார்த்து உதட்டைக் கடிப்பார். ஆனால் அவர் குனிந்திருக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருப்பேனே! முதல் நாலைந்து சுற்று பட்டாம்பூச்சி சரியாகத்தான் இருக்கும். முனைகூட இருக்கும். பிறகுதான் மழுங்கும். நேரம் ஆக ஆகத்தான் கெடும்.

என் கை அழுக்கு என்றால் முதல் சுற்றிலேயே கெட வேண்டாமா?

எங்கள் ஊர்க் காட்டுக்கிணற்றில் மோட்டார் போட்டால் முதல் தண்ணீர் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓடினால் சப்பென்று உவர்ப்பு ஏறும். அதற்காகக் குடத்தை யாரும் குறை சொன்னதில்லை. கீழே எங்கேயோ உவர் ஊற்று இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் இந்தச் சாமானுக்குள்ளேயே எங்கேயோ உவர் ஊறுகிறது.

மறுநாள் காலையில் நேரே பெரிய சார் அறைக்குப் போனேன். அவரும் ஸ்ரீரங்கம்தான், கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் வீடு. நெற்றியில் நாமம், கையில் காபி. எதிரில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டீச்சர் கீழே பார்த்தார்.

"என்னம்மா, வாங்கோ. உங்க மேல எங்களுக்குக் கோபம் ஒண்ணும் இல்லை."

"கோபம் இருந்தாப் பரவால்ல சார், ரெண்டு நாள்ல போயிடும். பேப்பர்ல இருக்கறதுதான் போகாது."

"ஆராய்ச்சி நின்னு போச்சேம்மா. டீச்சருக்கு மூணு வருஷ உழைப்பு. லீவு முடியறதுக்குள்ள இது வரலைன்னா அவா என்ன பண்ணுவா?"

"எனக்கும் உழைப்புதான் சார். ஒரே ஒரு நாள் குடுங்க. ஒரு சாமான் நான் கழுவுறேன். ஒரு சாமான் டீச்சர் கழுவட்டும். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. என்னது மட்டும் கெட்டா, கட்டை விரல் என்ன, பத்து விரலையும் வெச்சுட்டுப் போறேன்."

பெரிய சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர், "இதை நான் எப்பவோ பண்ணியிருக்கணும் சார்" என்றார், மெல்லிய குரலில்.

கழுவினோம். நான் என் மேசையில், டீச்சர் அடுத்த மேசையில். ஏழு கொதி. எனக்குக் கை பழகிவிட்டது, டீச்சருக்கு வேர்த்து ஊற்றியது. நாலாவது கொதியில் அவர் சாமானின் விளிம்பை வெறும் விரலால் பிடிக்கப் போனார்.

"டீச்சர்! விரலு!"

"ஐயோ, ஆமா."

ஆறாவதில் பக்கத்தில் இருந்த டிஷ்யூவை எடுத்தார்.

"டீச்சர்... துடைக்கப் போறீங்களா?"

வைத்துவிட்டார். வாசலில் வேடிக்கை பார்த்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. என்னது மட்டும் கெட்டுவிட்டால்? பத்து விரல் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேனே.

முதலில் என் சாமான். பெரிய சாரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கோடு போனது, வந்தது. பட்டாம்பூச்சி! முனை, இறக்கை எல்லாம் அழகு. "குனியாதீங்க டீச்சர், பாருங்க" என்றேன். பார்த்தார்கள். கீழே கேன்டீனில் இருந்து டீ வந்து ஆறுவதற்குள் முனை மழுங்கத் தொடங்கியது. டீச்சர் கழுவியதை அடுத்து வைத்தார்கள். அதுவும் அப்படியேதான். முதலில் அழகு, பிறகு தொங்கல்.

"அப்ப கை இல்லை" என்றார் பெரிய சார்.

"கை இல்ல சார்" என்றார் டீச்சர்.

எனக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது. ஆடவில்லை. பாதிக் கேஸ்தானே ஜெயித்திருக்கிறது. கை இல்லை என்றால் எது என்று தெரியாத வரைக்கும், அடுத்த வாரம் திரும்பவும் என் கைக்குத்தான் வருவார்கள். எனக்குத் தெரியாதா?

"பின்னே என்ன, தண்ணியா? ஆசிட்டா?" என்று பெரிய சார் தாடையைத் தடவினார்.

"அதுவா இருந்தாலும் மொதல்லயே கெடணுமே சார். போகப் போகக் கெடுதுன்னா உள்ளேயே எதுவோ ஊறுது. இந்தச் சாமானுக்குள்ள இருக்கறது எல்லாம் நான் கழுவினது, இல்லன்னா டீச்சர் நெருப்புல காட்டினது. ரெண்டும் இல்லாம ஒண்ணு இருக்கு." பக்கத்துக் குழாயில் செருகியிருந்த பேனா மாதிரியான ஒன்றைக் காட்டினேன். "இதை நான் தொடவே கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

அதற்கு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு என்று பெயர். மணியில் எவ்வளவு கரண்ட் ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டுமாம். பழையது கோடை லீவு விட்ட புதிதில் கீழே விழுந்து உடைந்தது. புதிது வர நாளாகும் என்று டீச்சர் தன் காலேஜில் இருந்து ஒன்றைக் கைப்பையில் கொண்டுவந்திருந்தார். "விலை ஜாஸ்தி, இதை மட்டும் நான் பாத்துக்கறேன்" என்று அவரே கழுவி அவரே வைப்பார்.

"சேச்சே, அது நல்லதும்மா" என்றார் டீச்சர். "பதினஞ்சு வருஷமா பசங்களுக்கு அதை வெச்சுதான் நடத்துறேன். ஒரு தடவைகூடத் தப்பா வந்ததில்ல."

"நல்லதுதான் டீச்சர். நானும் நல்லவதான். என்னைச் சோதிச்சீங்கள்ல?"

பெரிய சார் எழுந்து அதை வெளியே எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது, வெயிலில் காய்ந்த நார்த்தங்காயின் மேல் பூக்குமே, அதே மாதிரி.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றார்.

"சாச்சுரேட்டட் பொட்டாசியம் குளோரைடு சார்" என்றார் டீச்சர். பாடம் ஒப்பிக்கிற மாதிரி கடகடவென்று சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் வாய் அப்படியே நின்றது. கடைசி வார்த்தை அவர் காதிலேயே போய் விழுந்துவிட்டது போல.

குளோரைடு. அந்தத் துண்டு போடுகிற ஆள். டீச்சர் என்னை வேப்பமரத்தடிக்கு அனுப்பி, சம்பந்தி அம்மாவின் நார்த்தங்காயை கேட்டோடு நிறுத்தி, என் கையில் இரண்டு கையுறை மாட்டி, கடைசியில் ஒரு முழு உப்பு ஜாடியைத் தன் கையாலேயே கொண்டுவந்து சாமானுக்குள் செருகியிருக்கிறார். நுனியில் இருக்கிற பொடிப்பொடி ஓட்டை வழியாக அது சொட்டுச் சொட்டாகக் கசிந்து, அரைமணி நேரத்தில் மணிவரைக்கும் வந்து, சல்பேட்டை எழுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

"பெருமாளே!" என்று பெரிய சார் சிரிக்க ஆரம்பித்தார். "தனிக் குழாய்ல வெச்சிருக்கோமேன்னு நானும்னா பார்த்துண்டு பேசாம இருந்தேன்! பசங்க பண்ற சோதனைக்கு இத்தனூண்டு குளோரைடு வந்தா ஒண்ணும் தெரியாது. இதுக்குத் தெரியும்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுசும் இறங்கவில்லை, பொய் சொல்வானேன்.

பெரிய சார் தன் பழைய அலமாரியைக் குடைந்து வேறொரு எலக்ட்ரோடை எடுத்தார். அதற்குள் குளோரைடே கிடையாது, சல்பேட்தானாம். அதை வைத்துப் புதிதாகக் கழுவி ஓட்ட மத்தியானம் ஆகிவிட்டது. கோடு போனது, வந்தது. டீ வந்தது, ஆறியது, ஆடை கட்டியது. முனை அப்படியே இருந்தது. மூன்று மணிக்கும் இருந்தது. என் அஞ்சு மணி பஸ்ஸுக்கு நேரமாகும்போதும் பட்டாம்பூச்சி அசையாமல் உட்கார்ந்திருந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பினார். என் கையுறையைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டார். ஒன்று, அதற்கடியில் இன்னொன்று. நான்கையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, புதிதாக ஒரே ஒரு ஜோடியை எடுத்து நாளைக்கு என்று மேசையில் வைத்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சரியாப் போச்சாமேம்மா! விடுங்க, அந்தப் பேப்பரைக் கிழிச்சுடறேன்."

"கிழிக்காதீங்க."

"ஏன்?"

"கிழிச்சுட்டா அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு ஆயிடும். முந்தாநாள் இத்தனை பேர் நடுவுல அசுத்தம்னு சொன்னீங்கள்ல? பெரிய சார்கிட்டப் போய் அது தப்புன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இத்தனை பேர் நடுவுல படிங்க. அப்புறம் ரெண்டையும் சேத்து வெச்சுக் கிழிங்க, இல்ல ஃப்ரேம் போட்டு மாட்டுங்க, உங்க இஷ்டம்."

"அம்மா, எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

"எனக்கு ஏழு கொதி இருக்கு. எழுதி வந்தாத்தான் முதல் கொதி."

உண்மையிலேயே அடுப்பைப் பற்ற வைக்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார், பிறகு தானே தாள் எடுத்து எழுதத் தொடங்கினார். பெரிய சார் கையெழுத்துப் போட்டார். கேட் பக்கம் பெருக்குகிற பெண்கள், தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் கூடியபோது சூப்பர்வைசர் படித்தார். கண்ணாடிச் சாமான்கள் மிகச் சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தன. பிழை கழுவியவருடையது அல்ல. பிழை ஆராய்ச்சி செய்தவர் கொண்டுவந்த மின்முனையினுடையது. சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"கேக்கல தம்பி. இன்னொரு தடவை."

"அம்மா!"

"லாரி சத்தம் தம்பி. நான் என்ன பண்ண?"

இன்னொரு தடவை படித்தார். இந்தத் தடவை சத்தமாக.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. பட்டாம்பூச்சி நன்றாக இருக்கிறது. டீச்சரின் ஆராய்ச்சி ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போயிருக்கிறதாம். நானும் டீச்சரும் பழையபடி பேசுகிறோம், சிரிக்கிறோம். ஆனால் மனுஷ புத்தி இருக்கிறதே. போன செவ்வாய்க்கிழமை மணி எதனாலோ சரியாக வரவில்லை, கோடு கொஞ்சம் கோணலாக ஓடியது. டீச்சர் திரையைப் பார்த்தார். உதட்டைக் கடித்தார். அவர் கண் மெதுவாக என் பக்கம் திரும்புவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அம்மா... கை கழுவிட்டீங்கள்ல?"

"கழுவிட்டேன் டீச்சர்" என்றேன், கொதிக்கிற தண்ணீரில் இருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க?"